சிவப்பு பார்டர் எங்கே போயிற்று?

பிரஷ்ஷில் சிவப்பைத் தொட்டுக்கொண்டு தலையை நிமிர்த்தினேன். எதிரே ஆற்றுக்குள் ஒரு பாறை. பாறையின் மேல் என் மனைவி கமலவேணி. மஞ்சள் சேலை. அதற்கு இரண்டு விரல் அகலத்தில் சிவப்பு பார்டர். படத்தில் மற்ற எல்லாம் முடிந்துவிட்டது. அந்த பார்டரை மட்டும் கடைசிக்கு என்று ஆசையாக வைத்திருந்தேன்.

பார்த்தேன். பார்டர் இல்லை.

சேலை இருக்கிறது. மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் முடிகிற இடத்தில் சிவப்பு இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் இருந்தது.

முதலில் எனக்கு வந்தது பயமில்லை. இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ‘சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாளோ? படம் கெட்டுப்போகுமே’ என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். ஆனிக் கடைசியா, ஆடி முதலா என்று சரியாக நினைவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு நினைவிருக்கிறது. இன்றைக்கும் சிவப்பு போஸ்டர் கலர் பாட்டிலைத் திறந்தால் உடனே மூடி வைத்துவிடுகிறேன்.

ஆறு பேர், ஆறு அட்டை

இந்தத் தொடரில் போன வாரம் வரை நான் வேலை பார்த்த பஞ்சு மில்லைப் பற்றியே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. படம் வரைந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மில்லில் நூற்புக் காத்தாவில், அதாவது நூல் நூற்கும் பிரிவில், வேலை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருமாள், தாயார், ஆஞ்சநேயர் என்று பென்சிலால் வரைவேன். ஒரு ஆயுத பூஜைக்கு எங்கள் காத்தாச் சுவரில் சரஸ்வதி வரைந்தேன். பொரி வாங்கிப் போக வந்த ஒரு டிராயிங் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

“சாமி நல்லா இருக்குதுங்க. ஆனா அந்த மயில நீங்க பாத்து வரையல. வேற ஏதோ படத்தப் பாத்து வரைஞ்சிருக்கீங்க. நெஜ மயில் இப்படி நிக்காது” என்றார்.

அவர்தான் ஆரோக்கியசாமி மாஸ்டர். கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சர்ச்சில் முதல் பூசை முடித்துவிட்டு, நேராகப் படம் வரைகிற மடக்கு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். அவரோடு சேர்ந்து நாங்கள் ஆறு பேர். சூலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்த மயில்சாமி. கடைகளுக்கு போர்டு எழுதும் பழனிச்சாமி, அவனுக்குச் சொந்த ஊர் அந்தியூர். மருந்துக் கடைக்காரர் ஒருவர், தபால் ஆபீஸ்காரர் ஒருவர். ஆறாவது நான்.

குளத்தங்கரை, சந்தைப்பேட்டை, சோளக்காடு என்று எங்காவது போய் உட்கார்ந்து, கண்ணெதிரே இருப்பதை ஆளுக்கொரு அட்டையில் வரைவோம். பத்து மணி வெயில் உச்சந்தலையில் இறங்கும்வரை.

மாஸ்டர் மூன்று கட்டுப்பாடு வைத்திருந்தார். ஒன்று, வரையும்போது யாரும் பேசக் கூடாது. இரண்டு, மனசில் இருப்பதை வரையக் கூடாது, கண் பார்ப்பதைத்தான் வரைய வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பழக நாளாயிற்று. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

“முழுசாத் தொறந்து பாத்தா இலை இலையாத் தெரியும், ஒண்ணையும் வரைய முடியாது. பாதி மூடுங்க. மரம் மரமாத் தெரியாது, பச்சைத் திட்டாத் தெரியும். மாடு கறுப்புத் திட்டு. மனுசன் வெள்ளைத் திட்டு. அவ்வளவுதான் படம்” என்பார்.

சில மாதத்தில் பழகிவிட்டது. பஸ்ஸில் போகும்போதுகூட ஆட்களைத் திட்டுத் திட்டாகப் பார்க்க ஆரம்பித்தேன். அதைப் பெரிய வித்தை என்று நினைத்தேன்.

கமலவேணிக்கு இதெல்லாம் பிடிக்காது.

“ஏனுங்க, ஆறு நாள் மில்லு, ஏழாம் நாள் கொளம். ஊட்டுல ஒரு பொம்பள இருக்கறா, நெனப்பிருக்குதுங்களா?”

“இருக்குது புள்ள.”

“அப்படியா? எம் மூஞ்சியப் பாக்காம சொல்லுங்க. எனக்கு எந்தக் கன்னத்துல மச்சம்?”

நான் முழித்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சந்தையில பாத்த எருமைக்கு எங்க மச்சம்னு கேட்டா டக்குனு சொல்லிப்போடுவீங்க.”

இடது கன்னம். அதை நான் இப்போது மறப்பதில்லை.

காரமடையில் கண் மூடினேன்

அன்றைக்கு அவளும் கூட வந்ததற்குக் காரணம் எங்கள் பையன். பத்தாவது தேறினால் காரமடை ரங்கநாதருக்கு வந்து துளசிமாலை சாத்துவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். தேறிவிட்டான். அன்று எங்கள் கூட்டமும் மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆற்றுக்குப் போவதாக இருந்தது. கோயிலை முடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஆற்றங்கரையில் சேர்ந்துகொள்வது என்று பேச்சு.

விடிகாலைக் கூட்டம் அதிகமில்லை. திரை விலகியது. தீபம் மேலே எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். என் அப்பா அப்படித்தான் கும்பிடுவார், எனக்கும் அதுவே வழக்கம். விலாவில் முழங்கை இடித்தது.

“இத்தன தூரம் பஸ் ஏறி வந்து கண்ண மூடிக்கிட்டா எப்படிங்க? பாக்கத்தான வந்தோம்?” என்றாள் காதோரமாக.

கண்ணைத் திறப்பதற்குள் தீபம் கீழே இறங்கிவிட்டது.

“நான் பாத்துட்டேதான இருப்பேன்”

ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. கரையிலிருந்து நடுவில் உள்ள பெரிய பாறை வரைக்கும் கணுக்கால் அளவு. சின்னக் கல்லெல்லாம் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அதற்கும் மேலே நீலகிரி மலை. எங்கள் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். மலைக்கு மேல் மட்டும் கருகருவென்று மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது.

“அந்த மேகத்தப் பாருங்க! என்ன ஒரு ஊதா! அத விட்டுப்போடாதீங்க” என்றார் மாஸ்டர். நாங்கள் ஆறு பேரும் அந்த மேகத்தை வரைந்தோம். மலையில் மழை என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊதா என்றுதான் தோன்றியது.

மாஸ்டர் பாறையைப் பார்த்தார். “அது மேல ஒரு ஆளு இருந்தா படத்துக்கு நல்லா இருக்கும்.”

“நான் போயி உக்காந்துக்கட்டுங்களா?” என்றான் பழனிச்சாமி.

“நீ உக்காந்தா பாறை எது, நீ எதுன்னு தெரியாதப்பா.”

எல்லோரும் சிரித்தோம். தையல்கார மயில்சாமி மெதுவாகச் சொன்னார்: “அக்கா இருக்காங்களே. மஞ்ச சேல, சிவப்பு பார்டரு. பச்சைக்கு முன்னால எடுப்பா இருக்கும்.”

கமலவேணி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். “அய்யோ, நான் மாட்டேனுங்க. ஆம்பளைங்க அத்தன பேரு பாப்பாங்க.”

“மொகத்த அக்கட்டால திருப்பி உக்காந்துக்க. பாறையத்தான் பாப்பாங்க, உன்னைய எவன் பாக்கறான்?” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

“நெம்ப நேரம் ஆகுமுங்களா?”

“ஒரு மணி நேரம். அசைஞ்சுபோடாத. நாஞ் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத. பயப்படாத கமலா, நான் பாத்துட்டேதான இருப்பேன்.”

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல் கல்லாக மிதித்துப் போனாள். பாறையின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அவள் பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவு இடம் இருந்தது.

என் கைதான் தப்பு என்று நினைத்தேன்

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம்.

முதலில் பாறையைப் பெரிதாக வரைந்தேன். மேகம், தோப்பு, மஞ்சள் என்று மேலே மேலே வேலை போய்க்கொண்டிருந்தது. மறுபடி பாறைக்கு வந்தபோது படத்தில் இருப்பது பெரிதாகவும் எதிரே இருப்பது சின்னதாகவும் தெரிந்தது.

படிப்பில்லாதவனுக்கு எப்போதும் ஒரு குறை. எங்கே தப்பென்றாலும் தன் கையில்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டுவிடுவான். ‘அளவு பிசகிவிட்டது’ என்று, பாறையின் அடியில் தண்ணீர்க் கலரை ஏற்றி அதைச் சின்னதாக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி பெரிதாக இருந்தது. மறுபடி ஏற்றினேன். மூன்று தடவை திருத்தினேன். முன்னால் கிடந்த சின்னக் கற்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். கண் பார்ப்பதை வரை என்றாரே மாஸ்டர். அப்படியே வரைந்தேன்.

தண்ணீரின் நிறமும் மாறியிருந்தது. பச்சை போய்ச் செம்மண் கலந்த பழுப்பு. அந்தப் பழுப்பு சரியாக வரவேண்டுமே என்று அட்டையின் ஓரத்தில் நான்கு முறை கலந்து பார்த்தேன். வந்தபோது சந்தோஷப்பட்டேன்.

நடுவில் எங்கோ மேலே ஒரு சங்கு ஊதியது. நீளமாக.

கோயமுத்தூர்க்காரனுக்குச் சங்கு என்றால் மில் சைரன்தான். பிறந்ததிலிருந்து ஷிப்டு சங்கு கேட்டு எழுந்து, ஷிப்டு சங்கு கேட்டுச் சோறு தின்றவர்கள் நாங்கள். பழனிச்சாமி கட்டுப்பாட்டை மீறி என்னைப் பார்த்து வாயைத் திறந்தான்.

“ரங்கசாமியண்ணா, ஷிப்டு முடிஞ்சுபோச்சு. கார்டு பஞ்ச் பண்ணீட்டுக் கெளம்புங்க!”

மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். அந்த ஆற்றங்கரையில் மில் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை எந்த மில்லில் சங்கு ஊதுகிறார்கள்? மேலே அணையில் தண்ணீர் திறக்கிறோம், விலகிப் போங்கள் என்று சொல்கிற சங்கு அது. அதைக் கேட்டுச் சிரித்தோம்.

ஒரே ஒரு தடவை கமலவேணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகம் திரும்பினால் படம் மாறிவிடுமே. பிரஷ் பிடித்த கையாலேயே ‘அந்தப் பக்கம் திரும்பு’ என்று சைகை காட்டினேன். திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சிவப்பைத் தொட்டேன்.

“முடிஞ்சுதுங்களா?”

பார்டரைக் காணோம் என்றதும் கண்ணை முழுசாகத் திறந்தேன்.

ஆறு எழுந்து வந்திருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கல் மிச்சமில்லை. பழுப்புத் தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு ஓடியது. இரைச்சல் அப்போதுதான் காதில் விழுந்தது. அத்தனை நேரம் அது எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கமலவேணியின் முழங்கால் வரைக்கும் தண்ணீர். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் வைத்த கைகள் அப்படியே இருந்தன.

“கமலா! எந்திரி! கமலா!”

தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பினாள். வெட்கமாகச் சிரித்தாள்.

“முடிஞ்சுதுங்களா?” என்றாள்.

ரங்கநாதா! காதில் கேட்கவில்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். அந்தக் கேள்வி என் நெஞ்சில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து நின்ற பிறகுதான் அவளுக்கும் புரிந்தது. சுற்றிப் பார்த்தாள். பாறையின் உச்சிக்கு ஏறி, சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டேன். நீச்சல் தெரியாது. நாலடி வைத்ததும் காலுக்குத் தரை தட்டாமல் போயிற்று. மயில்சாமி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

“ரெண்டு பேத்தையும் எடுக்க முடியாதுங்க! நில்லுங்க!”

பழனிச்சாமிதான் முன்னால் வந்தான். உயரமான சுவரில் எழுத, பலகை கட்டித் தொங்குவதற்கு அவன் ஒரு கயிறு வைத்திருப்பான். அன்று எங்கள் அட்டைகளையெல்லாம் அதில்தான் கட்டி எடுத்து வந்திருந்தோம். அவிழ்த்தான். ஒரு முனையைப் புங்க மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான், மறு முனையை இடுப்பில் கட்டினான். முடிச்சை மயில்சாமி இழுத்து இழுத்துப் பார்த்தார். பழனிச்சாமி கரையோரமாக மேலே கொஞ்ச தூரம் ஓடிப்போய் அங்கேயிருந்து இறங்கினான். கிணற்றில் குதித்துப் பழகியவனே தவிர, ஓடுகிற ஆறு அவனுக்கும் புதிது. நாங்கள் ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். மாஸ்டர் வாய்விட்டு “மாதாவே, மாதாவே” என்றார். நான் “ரங்கா, ரங்கா” என்றேன். இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்தோம்.

தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு வந்து பாறையில் மோதியது. பிடித்துக்கொண்டான். அவன் அவளைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் தயங்கினாள். அந்த நிலைமையிலும் தயங்கினாள்.

“தம்பின்னு நெனச்சு கழுத்தக் கட்டிக்குங்கக்கா! வெக்கப்பட நேரமில்லீங்க!” என்று அவன் கத்தியது எங்களுக்குக் கேட்டது.

கட்டிக்கொண்டாள். நாங்கள் இழுத்தோம். இரண்டு தடவை அந்த மஞ்சள் தண்ணீருக்குள் போய் மறைந்தது. மூன்றாவது தடவை மறையவில்லை.

கரையில் கிடந்து இருமினாள். எருமை ஓட்டி வந்த ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அட்டைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, சங்கு ஊதுனது காதுல உளுகலீங்களா? ஆறு ஆம்பளைங்க குத்தவெச்சு அந்த அம்மணியையேதான பாத்துட்டிருந்தீங்க? ஆறு பேத்துக்குமா கண்ணில்ல?”

கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தபோது பாறையே இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் புடைத்து ஓடியது, அவ்வளவுதான்.

முருங்கைக்கீரை

பஸ்ஸில் கண்டக்டர், “ஈரத்தோட சீட்டுல உக்காராதீங்கம்மா” என்றார். காந்திபுரம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். நானும் நின்றேன். அவளுடைய செருப்பு என் கையிலேயே இருந்தது.

மூன்று நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம், முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

“தண்ணி மொதல்ல கால் வெரல்ல தொட்டுச்சுங்க. ஜில்லுனு சொகமா இருந்துச்சு. பொறவு கணுக்கால் முங்குச்சு. அப்ப எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு.”

“எந்திரிச்சிருக்கலாமே புள்ள?”

“திரும்பி உங்களப் பாத்தனே. நீங்க என்னையவே பாத்துட்டிருந்தீங்க. கையக் காட்டி அக்கட்டால திரும்பச் சொன்னீங்க. செரி, அவருதான் பாத்துட்டு இருக்காரே, ஒண்ணும் இல்ல போலன்னு திரும்பிக்கிட்டேன்.”

கீரை உருவுகிற கை நிற்கவே இல்லை.

“கண்ணப் பாதி மூடிட்டிருந்தீங்க. வெயிலுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் எழுந்து சாமி அறைக்குள் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் தப்பாக வரையவில்லை

அடுத்த ஞாயிறு மாஸ்டர் வீட்டில் கூடினோம். வரைந்த அட்டைகளைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று வேண்டாம் என்றேன். மாஸ்டர் கேட்கவில்லை. “பாத்தே ஆகணுமுங்க” என்றார்.

பாறையை முதலிலேயே முடித்துவிட்ட தபால் ஆபீஸ்காரரின் படத்தில் கமலவேணியின் பாதம், கொலுசு, பார்டர் எல்லாம் இருந்தது. கீழே பாறை ஒரு ஆள் உயரம். அடுத்ததில் பாறை குறைந்தது. அதற்கடுத்ததில் பாதம் இல்லை. கடைசி அட்டை என்னுடையது. ஆறு அட்டையிலும் ஆறு ஏறி வந்துகொண்டே இருந்தது.

மாஸ்டர் ஒவ்வொரு அட்டையாகக் குனிந்து பார்த்தார். பிறகு, “ஒருத்தர்கூடத் தப்பா வரையல. எல்லாரும் சரியாத்தான் பாத்திருக்கோம்” என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாந்தாங்க பாறை மேல ஆளு இருந்தா நல்லா இருக்கும்னேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தானே எழுந்திருக்காதே என்று சொன்னேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அன்று ஒரு புதுக் கட்டுப்பாடு வந்தது. எங்கே போனாலும் ஆறு பேரில் ஒருவர் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்வது. முதல் முறை எனக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கூட்டம் கலைகிறவரை இது நடந்தது.

என் அட்டையை அடுப்பில் வைக்கப் போனேன். கமலவேணி விடவில்லை. “எம் படம், எம் ஊட்டுல இருக்கட்டும்” என்று பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. பார்டர் போடவில்லை.

ஒரு மாசம் கழித்து உயிர் பிழைத்ததற்காக மறுபடி காரமடைக்குப் போனோம். அதே மஞ்சள் சேலை. கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். திரை விலகியது. மணி அடித்தது. எப்போதும் கண்ணை விரித்து வைத்துப் பார்க்கிறவள், அன்று இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் நீர் வழிய நின்றாள்.

நான் மூடவில்லை. தீபம் மேலே போய்க் கீழே வந்தது. இவ்வளவு தூரம் வந்து பெருமாளைப் பார்க்காமல் நின்றேன், அவர் பொறுத்துக்கொள்வார். நான் தலையைக் குனிந்து அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் தரை உலர்ந்திருந்தது. மஞ்சள் முடிகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, சிவப்பு இருந்தது.